விருந்தில் கேளாதீர்; கடையில் கேளுங்கள்!

இறைச்சி வாங்கச் செல்லும்போது நாம் ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்கிறோம்: “ஹலால்தானா?” வெளியூர் சென்றாலும், பசி வயிற்றைக் கிள்ளினாலும், உணவு விடுதியின் பெயர்ப்பலகையை ஒருமுறைக்கு இருமுறை படித்த பின்னரே உள்ளே காலெடுத்து வைக்கிறோம். பாராட்டத்தக்க பேணுதல் இது. ஆனால், அன்பு வாசகர்களே! அதே சுப்ராவில் இறைச்சிக்குப் பக்கத்தில் இருக்கும் தால்சாவின் கத்தரிக்காயைப் பற்றியோ, பாயசத்தில் மிதக்கும் முந்திரியைப் பற்றியோ, அதன் சர்க்கரையைப் பற்றியோ நாம் என்றேனும் ஒரு சொல் கேட்டதுண்டா? எந்த மண்ணில் விளைந்தது, எவர் கை பட்டு வந்தது என்று எண்ணியதுண்டா?

நானும் எண்ணியவன் அல்லன். எண்ண வைத்தது கடலூர் மாவட்டத்து அண்ணாகிராமம். அந்தப் பயணத்தை உங்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரண்டு ஆறுகளுக்கு நடுவே

சென்ற ஆண்டு கோடையில், ஹஜ்ஜுப் பெருநாளுக்குச் சில நாட்களுக்கு முன்பு, என்னிடம் ஓதிய மாணவர் ஒருவரின் தங்கைக்கு நிகாஹ். அண்ணாகிராமத்தை ஒட்டிய சிற்றூர் அவர்களுடையது. குத்பா ஓத என்னை அழைத்திருந்தார்கள். எங்கள் மதரஸாவின் சமையலறைக் கணக்கு என் பொறுப்பில் இருப்பதால், நிர்வாகி இன்னொரு வேலையையும் சேர்த்துக் கொடுத்தார். “பெருநாளன்று ஊருக்குப் போக இயலாத பிள்ளைகளுக்குப் பாயசம் வைக்க வேண்டும். பண்ருட்டிப் பக்கம்தானே போகிறீர்கள்? அங்கேயே முந்திரி வாங்கி வாருங்கள். அசல் சரக்கும் கிடைக்கும், விலையும் குறையும்” என்றார்.

நீங்கள் சிதம்பரத்தில் பாசஞ்சர் ரயில் ஏறினால் கிள்ளை, பரங்கிப்பேட்டை, புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் என்று கடற்காற்றோடு சேர்ந்தே வடக்கு நோக்கிப் போவீர்கள். கடலூர் துறைமுகம் கடந்து, திருப்பாதிரிப்புலியூர் தாண்டியதும் வண்டி மேற்கே திரும்புகிறது. உப்புக் காற்று நின்று கரும்புக் காற்று வீசத் தொடங்கும். நெல்லிக்குப்பம் வந்துவிட்டது என்று பொருள். இந்தியாவின் முதல் சர்க்கரை ஆலை என்று சொல்லப்படும் பாரி நிறுவனத்து ஆலை 1842ஆம் ஆண்டு எழுந்த ஊர் அது. அடுத்த நிலையமான மேல்பட்டாம்பாக்கத்தில் நான் இறங்கினேன்.

வடக்கே தென்பெண்ணை, தெற்கே கெடிலம்; இரண்டுக்கும் நடுவில் விரிந்து கிடக்கிறது இந்தப் பகுதி. அண்ணாகிராமம் என்பது ஓர் ஊரின் பெயர் மட்டுமன்று, ஓர் ஊராட்சி ஒன்றியத்தின் பெயரும் ஆகும். ஆற்றோரத்து வண்டல் நிலத்தில் கரும்பும் நெல்லும் காய்கறியும். பண்ருட்டியை நெருங்க நெருங்கச் செம்மண் மேட்டில் பலாவும் முந்திரியும். ஒரே பகலில் நடந்து பார்த்துவிடக்கூடிய தூரத்தில் நம் விருந்துச் சாப்பாட்டின் பாதிப் பொருட்கள் வேர்விட்டு நிற்பதை இங்கே காணலாம்.

முந்திரி மட்டும் விருந்தாளி

நிகாஹ் இனிதே நிறைவேறியது. பந்தியில் பிரியாணி, கத்தரிக்காயும் மாங்காயும் போட்ட தால்சா, முந்திரி மிதக்கும் பாயசம், கடைசியில் தேன்போல் இனித்த பலாச்சுளை. பக்கத்தில் அமர்ந்திருந்த மாணவரின் தந்தை, தலைமுறை தலைமுறையாக நிலம் உழும் பெரியவர், பெருமையோடு சொன்னார்: “ஹஜ்ரத், கத்தரிக்காய் நம்ம கொல்லை. பலா நம்ம மரம். சர்க்கரை நெல்லிக்குப்பம்.”

“முந்திரி பண்ருட்டியா?” என்று நான் முடித்து வைத்தேன்.

அவர் சிரித்தார். “இல்லை ஹஜ்ரத். அது ஆப்பிரிக்கா.”

வேடிக்கையாகச் சொல்கிறார் என்றே எண்ணினேன். வேடிக்கையன்று. மறுநாள் காலை ஃபஜ்ருத் தொழுகைக்குப் பிறகு, தம் மகனின் இரு சக்கர வண்டியில் என்னை ஏற்றி அனுப்பினார். “சாப்பிட்டதை எல்லாம் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்” என்றார்.

புழுவில்லாத காய்

முதலில் கத்தரித் தோட்டம். பக்கத்துப் பாலூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் காய்கறி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கு உருவான கத்தரி ரகமும் பலா ரகமும் பாலூரின் பெயரையே தாங்கி நிற்கின்றன. அவ்வளவு கத்தரிக்குப் பேர்போன மண்.

தோட்டத்தில் மருந்துத் தெளிப்பானை முதுகில் கட்டியிருந்த விவசாயியிடம், “இவ்வளவு மருந்து தேவைதானா?” என்று கேட்டேன். என் குரலில் சிறிது கண்டிப்பு இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் தெளிப்பானை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார்: “பாய், உங்க வீட்டில் ஓட்டை விழுந்த கத்தரிக்காய் வாங்குவீர்களா?”

நான் பதில் சொல்லவில்லை. கத்தரிக்கு முதல் எதிரி தண்டையும் காயையும் துளைக்கும் புழு. சிறு துளை ஒன்று இருந்தாலும் சந்தையில் அந்தக் காய் ஒதுக்கப்படுகிறது. பளபளப்பான, வடுவில்லாத காயை நாம் தேடித் தேடிப் பொறுக்குகிறோம். அந்தப் பளபளப்பைத் தருவதற்காகவே அவர் மீண்டும் மீண்டும் மருந்து அடிக்கிறார். மருந்து அடித்தால் சில நாட்கள் பொறுத்த பின்னரே பறிக்க வேண்டும் என்பது விதி. சந்தையில் விலை ஏறியிருக்கும் நாளில் அந்தப் பொறுமைக்கு இடம் ஏது? தோட்டத்தில் தெளிக்கப்படும் நஞ்சில் ஒரு பங்கை நம் கண்கள்தாம் கேட்டு வாங்குகின்றன.

தண்ணீரின் கதையும் நீளமானது. தென்பெண்ணை கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறந்து, ஓசூர் வழியாகத் தமிழகத்துக்குள் நுழைகிறது. பெங்களூரின் கழிவு கலந்து ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கி ஓடும் காட்சியைச் செய்திகளில் நீங்கள் பார்த்திருக்கலாம். அதே ஆறு சாத்தனூர் அணையைக் கடந்து இங்கே வந்து கடலில் சேர்கிறது. 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழையால் சாத்தனூர் நிரம்பி, நொடிக்கு 1,68,000 கன அடி வரை தண்ணீர் திறந்துவிடப்பட்டபோது, கரையோரத்து வயல்கள் வெள்ளக்காடாயின. எங்கோ ஒரு நகரத்தார் ஊற்றும் கழிவும், எங்கோ பெய்யும் மழையும் இந்தக் கத்தரிச் செடியின் வேரைத் தொடுகின்றன. நம் தட்டு நாம் நினைப்பதைவிடப் பெரியது.

தானே புயலுக்குப் பிறகு நட்ட மரம்

அடுத்து பலாத் தோப்பு. மரத்தின் அடியிலிருந்தே காய்கள் தொங்க, அதன் நிழலில் நிற்பதே ஒரு சுகம். பலா நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மண்ணுக்கே உரிய மரம். அதிகத் தண்ணீர் கேட்பதில்லை. கத்தரியைப்போல் மருந்துக்கு ஏங்குவதும் இல்லை.

ஆனால் தோப்பில் முதிய மரங்கள் மிகக் குறைவு. காரணம் கேட்டபோது மாணவர் ஒரே சொல்லில் சொன்னார்: “தானே.” 2011 டிசம்பர் 30ஆம் நாள் அதிகாலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த அந்தப் புயல், பாட்டன் நட்ட பலாக்களையும் முந்திரிகளையும் ஒரே இரவில் வேரோடு சாய்த்துவிட்டது. அந்தக் காலையில் தம் பாட்டனார் தோப்பு வாசலில் நின்றதையும், உள்ளே போக மனமின்றித் திரும்பியதையும் அவர் சொன்னார். அடுத்த மாதமே பாட்டனார் கன்று வாங்கி நட்டிருக்கிறார். விதைக் கன்று காய்க்க ஏழெட்டு ஆண்டுகள் ஆகும். அப்போது அவருக்கு வயது எழுபதுக்கும் மேல். முதற்காய் பழுத்தபோது அவர் உயிரோடு இல்லை.

ஒருவர் நட்ட மரத்திலிருந்து பறவையோ மனிதரோ கால்நடையோ உண்பது நட்டவருக்குத் தருமமாக எழுதப்படுகிறது என்ற பெருமானார் (ஸல்) அவர்களின் போதனையைப் பல நூறு முறை மாணவர்களுக்கு நடத்தியிருக்கிறேன். முதல் நாள் பந்தியில் நான் தின்ற சுளை அந்தத் தருமக் கணக்கில் ஒரு வரி என்பது அந்தத் தோப்பில் நின்றபோதுதான் உறைத்தது. அவருக்காக அங்கேயே ஒரு ஃபாத்திஹா ஓதினோம்.

அந்த அம்மையாரின் விரல்கள்

இறுதியாக முந்திரி. பண்ருட்டி வட்டாரத்தில் முந்திரித் தோப்பும் உண்டு; முந்திரி உடைக்கும் தொழிலும் உண்டு. ஆனால் இங்கு விளையும் கொட்டை இங்குள்ள கைகளுக்குப் போதவில்லை. எனவே ஐவரி கோஸ்ட், பெனின், கினி பிசாவ் போன்ற ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து கொட்டை கப்பலேறித் தூத்துக்குடி வழியாக வந்து, இங்கே உடைபட்டு, பருப்பாகி, ‘பண்ருட்டி முந்திரி’ என்ற பெயரோடு நம் வீடுகளுக்கு வருகிறது.

இதில் வியப்பதற்கும் ஒன்று உண்டு. முந்திரியே நம் மண்ணின் மரமன்று. பிரேசில் நாட்டிலிருந்து 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் கொண்டுவந்து ஊன்றிய மரம் அது. ஆகவே, உள்ளூர்ப் பொருள் எல்லாம் தூயது, வெளியூர்ப் பொருள் எல்லாம் தீயது என்று நான் சொல்லவரவில்லை. ஆப்பிரிக்க மண்ணில் அந்தக் கொட்டையைக் குனிந்து பொறுக்கியவர் நம்மைப்போலவே ஐவேளை தொழும் ஒரு சகோதரராகவும் இருக்கலாம். அவருடைய ரிஸ்க்கும் இதில்தான் இருக்கிறது.

மாணவர் என்னை ஒரு வீட்டுக் கொட்டகைக்கு அழைத்துச் சென்றார். நான்கைந்து பெண்கள் தரையில் அமர்ந்து வறுத்த கொட்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். முந்திரி ஓட்டுக்குள் ஒருவகை எண்ணெய் இருக்கிறது. தோலில் பட்டால் எரியும், புண்ணாகும், கறுக்கும். அதற்குக் காப்பாகச் சாம்பலைப் பூசிக்கொள்கிறார்கள். கையுறை போட்டால் விரல் ஓடாது. விரல் ஓடாவிட்டால் கூலி சேராது. உடைத்த எடைக்குத்தான் கூலி. ஒரு கிலோ பருப்புக்கு ஏறத்தாழ நான்கு கிலோவுக்கு மேல் கொட்டை உடைக்க வேண்டும். பிறகு காயவைத்து, உள்தோல் உரித்து, முழுப்பருப்பு வேறு, உடைந்தது வேறு என்று பிரிக்க வேண்டும். கடைகளில் ‘320’ என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பவுண்டு எடைக்கு ஏறத்தாழ 320 பருப்பு என்பது அதன் பொருள். எண் குறையக் குறையப் பருப்பு பெரிது, விலையும் பெரிது.

“வாங்க பாய், உட்காருங்க” என்று வரவேற்ற மூத்த பெண்மணியின் விரல்களைப் பார்த்தேன். நுனியெல்லாம் கறுத்து, வழவழத்துப் போயிருந்தன. என் பார்வையைக் கண்டு அவரே சொன்னார்: “ரேகையெல்லாம் தேஞ்சு போச்சு பாய். ரேஷன் கடையில விரல் வச்சா மெஷின் எடுக்க மாட்டேங்குது. பையனைக் கூட்டிக்கிட்டுத்தான் போவேன். அவன் வேலைக்குப் போயிட்டா, அன்னிக்கு அரிசி இல்ல.”

குறையாகச் சொல்லவில்லை, நடப்பைச் சொன்னார். சொல்லிக்கொண்டே கையும் ஓடிக்கொண்டிருந்தது.

“இந்த முந்திரியை வீட்டில் சமைப்பீர்களா, அம்மா?” என்று கேட்டேன்.

“தீபாவளிக்கு ஒரு கை போடுவோம் பாய். வாசனைக்கு.”

அன்பர்களே! அதற்கு முந்திய மாலைதான் நான் பண்ருட்டிக் கடைவீதியில் முந்திரிக்கு விலை பேசியிருந்தேன். மதரஸாப் பணம், ஏழைப் பிள்ளைகளின் பணம் என்று சொல்லிச் சொல்லி, கடைக்காரர் இறங்க முடியாத அடிமட்டம் வரை இறக்கியிருந்தேன். அதை என் திறமை என்று எண்ணி மகிழ்ந்தும் இருந்தேன். நான் இறக்கிய ஒவ்வொரு ரூபாயும் எங்கே போய் இறங்கும் என்று அப்போது தோன்றவில்லை. கப்பல்காரரிடம் இறங்காது, கடைக்காரரிடமும் நெடுநாள் நிற்காது. கீழே, கீழே என்று வந்து கடைசியில் இந்தச் சாம்பல் பூசிய விரல்களில்தான் இறங்கும்.

முந்திரியின் விலையை மனிதர் தம் உடலால் கொடுத்த இன்னொரு கதையும் நம் அண்டை மாநிலத்தில் உண்டு. கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்தில் 1970களின் பிற்பகுதியிலிருந்து 2000ஆம் ஆண்டு வரை முந்திரித் தோட்டங்களின் மேல் எண்டோசல்ஃபான் என்ற பூச்சிமருந்தை வானிலிருந்து தெளித்தார்கள். அதைச் சுற்றிய ஊர்களில் ஊனத்தோடும் தீராத நோயோடும் பிறந்த பிள்ளைகளின் துயரை நாடே கண்டது. 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்த மருந்துக்குத் தடை விதித்தது. அத்தனை ஆண்டுகளும் அந்த முந்திரியை யாரோ விருந்தில் உண்டுகொண்டுதான் இருந்தார்கள்.

ஹலாலும் தய்யிபும்

தவறாகப் புரிந்துகொள்ள வேண்டாம். நான் ஃபத்வா வழங்கவில்லை. முந்திரி ஹலால்தான், கத்தரியும் ஹலால்தான். ஆனால் திருமறை உணவைப் பற்றிப் பேசும்போது பல இடங்களில் ‘ஹலால்’ என்பதோடு நிறுத்தாமல் ‘தய்யிப்’ என்ற சொல்லையும் சேர்த்தே கூறுகிறது. ஹலால் என்றால் அனுமதிக்கப்பட்டது. தய்யிப் என்றால் தூயது, நல்லது, மனத்துக்கு உகந்தது. முதற்படியில் கால் வைத்ததோடு நாம் நின்றுவிடுகிறோம். இரண்டாம் படி ஒன்று இருக்கிறது.

‘அபஸ’ அத்தியாயத்தில் மனிதன் தன் உணவை நோக்குமாறு அழைக்கப்படுகிறான். அங்கே பேச்சு தட்டிலிருந்து தொடங்கவில்லை. மழையிலிருந்து தொடங்கி, பிளக்கும் நிலத்துக்கு வந்து, தானியம், திராட்சை, ஒலிவம், பேரீத்தம் என்று வளர்ந்து செல்கிறது. உணவை நோக்குவது என்றால் அது வந்த வழியை நோக்குவது என்று இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம்.

அபூபக்கர் ஸித்தீக் (ரலி) அவர்களின் வரலாறு நீங்கள் அறிந்ததே. தம் பணியாளர் கொண்டுவந்த உணவை உண்ட பிறகு, அது குறி சொல்லிப் பெற்ற கூலி என்று தெரிந்ததும், தொண்டைக்குள் விரலை விட்டு வாந்தி எடுத்தார்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, மேலே காய்ந்ததும் உள்ளே நனைந்ததுமாக இருந்ததைக் கண்டு வணிகரைக் கண்டித்தார்கள். உழைப்பாளியின் வியர்வை உலர்வதற்குள் கூலி கொடுக்கப்பட வேண்டும் என்றும் போதித்தார்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. புதிதாக இஸ்லாத்துக்கு வந்தவர்கள் தரும் இறைச்சியில் இறைவன் பெயர் சொல்லப்பட்டதா என்று தெரியவில்லையே என ஐயம் எழுந்தபோது, நீங்கள் பிஸ்மில்லாஹ் சொல்லி உண்ணுங்கள் என்றே வழிகாட்டப்பட்டது. துருவித் துருவிக் கேட்டு அடுத்தவர் மனத்தை நோகடிப்பது மார்க்கம் அன்று.

அப்படியானால் எங்கே கேட்பது? என் சிற்றறிவுக்கு எட்டியது இதுதான்: விருந்தில் கேளாதீர், கடையில் கேளுங்கள். அடுத்தவர் அன்போடு பரிமாறும்போது நாம் விருந்தாளி. பிஸ்மில்லாஹ் சொல்லி உண்பதே பண்பு. நம் கையால் பணம் கொடுத்து வாங்கும்போது நாம் பொறுப்பாளி. அங்கே கேட்காமல் விடுவதுதான் குறை. ஸித்தீக் நாயகம் (ரலி) அவர்கள் கலங்கியதும் தம் சொந்த வீட்டு வரும்படியைப் பற்றியே அன்றோ?

வீட்டளவில் செய்யக் கூடியவை

பெரிய மாற்றம் எதையும் உங்களிடம் கேட்கவில்லை. குடும்பத் தலைவியரும் தலைவரும் மனம் வைத்தால் போதும்.

கத்தரிக்காயில் ஒரு துளை இருந்தால் அந்தப் பகுதியை அரிந்து எறிந்துவிட்டு மீதியைச் சமையுங்கள். பழத்தை அதன் பருவத்தில் வாங்குங்கள். கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைப்பது சட்டப்படி தடைசெய்யப்பட்டது. பருவத்துக்கு முன்னமே மஞ்சளாகிக் கடைக்கு வரும் மாம்பழத்தைக் கண்டால் சற்றே தயங்குங்கள். முந்திரி வாங்கும்போது எந்த ஊர்க் கொட்டை, எங்கே உடைத்தது என்று கேளுங்கள். கேட்பவர் பெருகினால், சொல்ல வேண்டிய கட்டாயம் விற்பவருக்கு வரும். அன்று என் கடைக்காரரிடம் திரும்பிப் போய்க் கேட்டேன், ஒளிக்காமல் சொன்னார். கேட்டவர்தாம் இதுவரை இல்லை.

வலீமா விருந்தில் இலையோடு குப்பைக்குப் போகும் பாயசத்தை ஒருமுறை நின்று பாருங்கள். அதில் மிதக்கும் ஒவ்வொரு பருப்பும் ஒரு விரலின் ரேகை.

நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். பேசிய பருப்பில் பாதி அளவே கடையில் வாங்கினேன், அதுவும் அவர் முதலில் சொன்ன விலைக்கு. மீதிப் பணத்துக்கு அந்தக் கொட்டகையிலேயே, அந்த அம்மையார் கேட்ட விலைக்கு உடைந்த பருப்பு வாங்கினேன். பாயசத்துக்கு உடைந்த பருப்பு போதும், முழுப்பருப்பு கண்ணுக்குத்தான். இதனால் அவருடைய வறுமை நீங்கிவிடவில்லை, விரல் ரேகை திரும்பி வந்துவிடவும் இல்லை. நிர்வாகியிடம் கணக்கைக் காட்டியபோது, விலை கூடுதலாக இருப்பதைச் சுட்டினார். நடந்ததைச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கையொப்பமிட்டார்.

பெருநாளன்று பிள்ளைகளுக்கு இந்த வழித்தடம் முழுவதையும் சொன்னேன். உணவளித்தவருக்காக துஆச் செய்வது நம் வழக்கம். அன்று அந்த துஆவில் மரம் நட்ட பாட்டனாரையும், மருந்து அடிக்கும் விவசாயியையும், பெயர் தெரியாத ஆப்பிரிக்கச் சகோதரரையும், சாம்பல் பூசிய அந்த விரல்களையும் சேர்த்துக்கொண்டோம்.

வல்ல நாயன் நம் அனைவரின் உணவையும் ஹலாலாகவும் தய்யிபாகவும் ஆக்கி, அதை நம் கைக்குக் கொண்டுசேர்க்கும் கைகளுக்கும் பரக்கத் செய்வானாக! ஆமீன்.